குட்டையில் உப்பைக் கொட்டினால் கொடுவா முட்டையிடுமா?

(இராமநாதபுரம் மாவட்டம் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீளமான கடிதம் என்பதால் கேள்விக்கு வேண்டியதை மட்டும் தந்திருக்கிறேன்.)

"ஐயா, வைகைத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கம் எங்கள் ஊர். 20 சென்ட்டில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, ஐந்தடி தண்ணீர் நிற்கிறது. இந்தக் கோடையில் ஊர்க் கண்மாய் வற்றும்போது ஊத்தா போட்டதில் இரண்டு கொடுவா உயிரோடு கிடைத்தன. ஒன்று 2 கிலோ, இன்னொன்று ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆணும் பெண்ணும்தான் என்று நினைத்துக் குட்டையில் விட்டிருக்கிறேன். சால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடுவதை டிவியில் பார்த்தேன். இதுவும் முட்டையிடத்தானே கண்மாய்க்கு ஏறி வந்திருக்கும்? குட்டையிலேயே குஞ்சு எடுத்தால் காசு கொடுத்து வாங்க வேண்டாமே. உப்பு மூட்டையைக் கொட்டினால் முட்டையிடும் என்று ஒரு நண்பன் சொல்கிறான், கொட்டலாமா? இந்த வருடம் கண்மாய் மீன்குத்தகையும் எடுத்திருக்கிறேன். மழைக்குக் கலுங்கில் (கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற இடம்) வலை கட்டலாமா? இன்னொன்று, எங்கள் கிணற்றில் பத்து வருடமாக ஒரு விலாங்கு இருக்கிறது. விலாங்கில் யாருமே சினை பார்த்ததில்லையே, அது எப்படித்தான் பெருகுகிறது என்று அப்பத்தா கேட்கச் சொன்னார்."

வணக்கம் தம்பி.

எடுத்தவுடன் உங்கள் ஆசையில் மண்ணைப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குட்டையில் இருப்பது ஜோடி இல்லை. இரண்டுமே ஆணாக இருக்கத்தான் வாய்ப்பு. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வரும். மூன்று வயது வாக்கில், இரண்டு மூன்று கிலோ எடையில் இருக்கும்போது வயிற்றில் பால் சினை பிடிக்கும். ஒன்றிரண்டு பருவம் அப்படி இருந்துவிட்டு, உடம்பு இன்னும் பெருத்த பிறகு பெண்ணாக மாறும். முட்டைச் சினை வேண்டுமென்றால் பொதுவாக 4 கிலோவைத் தாண்டிய மீனைத்தான் பார்க்க வேண்டும். நான் கதை விடுகிறேன் என்று தோன்றினால் மீன் அறுத்துக் கொடுக்கும் அக்காமார் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சின்னக் கொடுவாவில் வெள்ளையாக, வழவழவென்று இருப்பதைத்தான் எடுத்துப் போட்டிருப்பார்கள். மஞ்சள் சினை பார்த்தேன் என்று சொன்னால் அது பெரிய மீனாக இருந்திருக்கும்.

உங்கள் 2 கிலோ மீன் இப்போதுதான் வாலிபத்தை எட்டிப் பார்க்கிறது. சின்னது அதற்கும் இளையது. கல்யாணப் பேச்சு எடுக்கவே இல்லை.

சரி, எடுக்கும் காலம் வந்தாலும் கண்மாயிலோ குட்டையிலோ அது முட்டையிடாது. டிவியில் நீங்கள் பார்த்தது நிஜம்தான், ஆனால் அது வேறு மீனின் கதை. சால்மன் ஆற்றில் பிறக்கும், கடலுக்குப் போய்ப் பெருக்கும், முட்டையிடத் திரும்ப ஆற்றுக்கு வரும். கொடுவா அப்படியே தலைகீழ். பிறப்பது கடலில், ஆற்றுவாய்க்கு அருகே. வளர்வது கழிமுகத்திலும் ஓடையிலும் கண்மாயிலும். முட்டையிட மறுபடி உப்புத் தண்ணீருக்கே போக வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சால்மனுக்குத் தாய்வீடு ஆறு, கொடுவாவுக்குத் தாய்வீடு கடல். உங்கள் கண்மாய் அதற்குப் பிழைக்கப் போன ஊர். நம் பக்கத்துப் பிள்ளைகள் சவூதிக்கும் மலேசியாவுக்கும் போவதுபோல, தீனி கிடைக்கிறது என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

சால்மன் மாதிரி மீன் நமக்கு இல்லாமல் போகவில்லை. உள்ளம் மீன் கேள்விப்பட்டிருப்பீர்கள், வங்காளிகள் உயிரை விடுகிற இலிஷ் அதுதான். கடலில் வளர்ந்து, ஆற்றில் வெள்ளம் வரும்போது எதிர்நீரில் ஏறி நன்னீரில் முட்டையிடும். ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்ததுதான். கொள்ளிடத்தில் கீழணை குறுக்கே நின்றது, 1934-இல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தின் போக்கே மாறியது, உள்ளமும் குறைந்து போனது. கங்கையில் இதே மீன் அலகாபாத் தாண்டி, யமுனையில் ஆக்ரா வரை போனதாகப் பழைய பதிவுகள் உண்டு. 1975-இல் பராக்கா தடுப்பணை வந்தது, அதற்கு மேலே மீன் அருகிவிட்டது. ஏறி வந்து முட்டையிடும் மீனுக்கு ஒரு குறுக்குச் சுவர் போதும், வம்சமே நின்றுவிடும். கொடுவாவுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. வழி அடைபட்டால் கண்மாயில் மாட்டிக்கொண்டது மட்டும் வாரிசில்லாமல் போகும், கடலில் இருக்கிற மிச்சக் கூட்டம் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இனி உங்கள் மீன் எப்படி வந்தது என்று பார்ப்போம். வைகை கடலைப் பார்க்காத ஆறு என்று கேலி பேசுவார்கள். ஏறக்குறைய உண்மைதான். வருகிற தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். அது நிறைந்து மறுகால் போகிற வருடத்தில்தான் மிச்சம் உங்கள் ஊர்களைத் தாண்டி ஆற்றங்கரை ஊரில் கடலைத் தொடும். தண்ணீர் இல்லாத நாளில் முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டு வாய் மூடிக்கிடக்கும். நல்ல மழை பெய்து, கலுங்கு வழிந்து, ஓடை ஓடி, மணலை உடைத்துக்கொண்டு கடலோடு சேர்ந்தால் அந்தச் சில வாரம் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். கழிமுகத்தில் காத்திருக்கும் விரல் நீளக் கொடுவாவும் மடவையும் அந்த நீரின் வாசனை பிடித்து எதிர்நீரில் ஏறும். கடிதத்தில் ஓரிடத்தில், கடைசியாகக் கலுங்கு வழிந்தது இரண்டு மழைக்கு முன்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். மீனின் எடை 2 கிலோ. கணக்கு சரியாக வருகிறது. அந்த வெள்ளத்தில் ஏறியது, தண்ணீர் வடிந்ததும் திரும்ப வழியில்லாமல் உங்கள் ஊர் ஜிலேபி மீனைத் தின்று கொழுத்திருக்கிறது.

இதைச் சாட்சி வைத்தே நிரூபிக்க முடியும். கத்தாளை மீன் தலையில் வெள்ளைக் கல் இரண்டு இருக்குமே, சின்ன வயதில் பொறுக்கி வைத்து விளையாடியிருப்பீர்கள். அந்தக் கல் எல்லா முள்மீனுக்கும் உண்டு, கொடுவாவுக்கும் உண்டு. மரத்து வளையம் மாதிரி அடுக்கடுக்காக வளரும். கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தாது அதிகம், ஆற்று நீரில் பொதுவாகக் குறைவு. கல்லை அறுத்து ஒவ்வொரு அடுக்கிலும் அது எவ்வளவு என்று அளந்தால், மீன் எந்த வயதில் உப்பில் இருந்தது, எந்த வயதில் நன்னீருக்கு வந்தது என்று சொல்லிவிடலாம். வேறு நாடுகளில் கொடுவாவுக்கே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது உப்பு. உங்கள் நண்பனின் யோசனையைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் முழு முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. பிரச்சினை உப்பில்தான் இருக்கிறது என்பதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் வரை இருக்கும். மாங்காயை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? நீர் விட்டுச் சுருங்குகிறது. மொச்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிப் பருக்கிறது. கடலில் நீந்தும் மீன் உப்பில் போட்ட மாங்காய், கண்மாயில் நீந்தும் மீன் ஊறப்போட்ட மொச்சை. அதனால் கடலில் இருக்கும்போது மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், கூட வரும் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். நன்னீருக்கு வந்ததும் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, உடம்புக்குள் ஊறும் நீரைச் சிறுநீராகக் கொட்டிக்கொண்டே இருக்கும். செவுள் இப்போது வெளியிலிருந்து உப்பை உள்ளே இழுக்க வேண்டும். ஒரே செவுள் இரண்டு வேலையையும் பார்க்கிறது. வேலை மாற்றிக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். கெண்டை, விரால் போன்ற மீனுக்கு இந்த வித்தை தெரியாது, கடலில் போட்டால் செத்துப்போகும். கொடுவாவுக்கும் மடவைக்கும் கைவந்த கலை.

வளர்ந்த மீனுக்கு இந்த வசதி. முட்டைக்குச் செவுள் ஏது? கொடுவா முட்டை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொண்டு கடல் நீரில் மிதக்கும், ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். அதே முட்டை நன்னீரில் அடியில் போய் உட்கார்ந்து அழுகும். அதற்கு முன்னால் கருக்கூடுவதே நடக்காது, ஆண் மீனின் விந்தணு நன்னீரில் உயிர்பெற்று நீந்தாது. அதனால்தான் தாய் மீன் உப்பு நிறைந்த இடம் தேடி, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, நீர் ஏறுகிற நேரம் பார்த்து முட்டையைக் கொட்டுகிறது. ஏறும் நீர் முட்டையையும் குஞ்சையும் கழிமுகத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். கட்டணம் இல்லாத பேருந்து. காரங்காடு அலையாத்திக் காட்டுப் பக்கம் போனால் வேருக்கிடையில் தண்ணீர் சலசலத்துக்கொண்டே இருக்கும் பாருங்கள், அங்கே ஒதுங்கும் குஞ்சுகளில் இந்தப் பேருந்தில் வந்தவையும் இருக்கும்.

இப்போது உங்கள் குட்டைக்கு வருவோம். 20 சென்ட் என்றால் சுமார் 800 சதுர மீட்டர். ஐந்தடி தண்ணீர், ஒன்றரை மீட்டர். மொத்தம் 12 லட்சம் லிட்டர். கொடுவா முட்டையிட லிட்டருக்கு 30 கிராமாவது உப்பு வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 36 டன். ஐம்பது கிலோ மூட்டையில் 720 மூட்டை. வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து லாரி லாரியாக வர வேண்டும். வந்தாலும் சமையல் உப்பைக் கரைத்த தண்ணீர் கடல் நீர் ஆகாது. கடலில் மெக்னீசியம், கால்சியம் என்று இன்னும் பல உண்டு, குஞ்சுக்கு அவை எல்லாம் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த உப்பு குட்டைக்குள்ளேயே நிற்காது. மண் வழியாக இறங்கி உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து மிளகாய்க் கொல்லைக்கும் போகும். நம் மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீரே எவ்வளவு கஷ்டம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் தம்பி, ஒரு மூட்டை கூடக் கொட்டாதீர்கள். ஓடையிலிருந்து உவர்நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரலாம் என்று யாராவது அடுத்த யோசனை சொல்வார்கள். கடலோரத்தில் உவர்நீர்ப் பண்ணை வைக்க முறைப்படி பதிவு வேண்டும், பதிவு இல்லாமல் செய்தால் நாளைக்கு வம்பு.

கொடுவாவுக்குச் செயற்கையாகக் குஞ்சு எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் அதைச் செய்து காட்டியது. கடல் நீர்த் தொட்டியில் பெரிய தாய் மீன்களை மாதக்கணக்கில் வைத்து, சினை முற்றியதா என்று குழாய் விட்டுப் பார்த்து, ஹார்மோன் ஊசி போட்டு எடுக்கிறார்கள். பொரித்த குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்த் தீனியைத் தனியாக வளர்த்துக் கொடுக்க வேண்டும். இது குட்டை வேலை இல்லை. சீர்காழிப் பக்கம் திருமுல்லைவாசலில் இராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. குஞ்சு வேண்டுமென்றால் அந்த மாதிரி இடத்தில் வாங்குங்கள். காசு போகும்தான், ஆனால் எண்ணி வாங்கலாம்.

வாங்கும்போது மூன்று நாலு அங்குலக் குஞ்சாக வாங்குங்கள். அதற்கும் சின்னது மலிவாகக் கிடைக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கொடுவா தன் அண்ணன் தம்பியையே விழுங்குகிற மீன். தன் நீளத்தில் பாதி இருக்கும் குஞ்சைக் கூட விட்டுவைக்காது. சின்ன வயதில் அடிக்கடி பெரியது சிறியது பிரித்துப் போடாவிட்டால், ஆயிரம் விட்டு நூறு எடுப்பீர்கள். பொரிப்பகத்திலேயே நன்னீருக்குப் பழக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள், உப்பைப் படிப்படியாகக் குறைத்து இறக்குவார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பட்ட அடி அப்படி. மீன்வளத்துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாம்பன் பக்கம் கரையோரக் குட்டங்களில் பால்மீன் குஞ்சு பிடித்தோம். பால்மீனும் கொடுவா வழிதான், முட்டை கடலில், வளர்ப்பு கரையோர நீரில். விடியற்காலையில் வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீரை மொண்டு பார்த்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. உற்றுப் பார்த்தால் தட்டில் கறுப்புப் புள்ளிகள் இரண்டிரண்டாக நகரும். அவைதான் கண்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னப் புள்ளி, வயிறு. மற்றபடி உடம்பு முழுக்கக் கண்ணாடி, ஒரு ஊசி நீளம். ஆயிரத்துச் சொச்சம் குஞ்சு எண்ணிப் பானையில் எடுத்துக்கொண்டு வெயிலில் பேருந்து ஏறி, உச்சி நேரத்தில் ஒரு நன்னீர்த் தொட்டியில் மொத்தமாகக் கவிழ்த்தேன். சாயங்காலம் பார்த்தபோது தொட்டியின் அடி முழுக்க வெள்ளை நூல் கிடந்தது. கண்ணாடியாக இருந்த உடம்பு செத்தால் வெள்ளையாகிவிடும். மேலே இருந்தவர் அவசரப்படுத்தினார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கவிழ்த்தது என் கைதான். நன்னீர் தாங்கும் மீன்தான் அது, ஆனால் செவுள் வேலையை மாற்றிக்கொள்ள நான் ஒரு மணி நேரம் கூடக் கொடுக்கவில்லை.

உங்கள் இரண்டு கொடுவாவை என்ன செய்வது? குட்டையில் ரோகு, கட்லா குஞ்சு விடுகிற எண்ணம் இருந்தால் முதலில் இவற்றைப் பிடித்துவிடுங்கள். நீங்கள் விடுகிற குஞ்சு அவற்றுக்குக் காலைப் பலகாரம். ஜிலேபி மண்டிக்கிடக்கிற குட்டை என்றால் மட்டும் விட்டுவைக்கலாம், குஞ்சைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும். ஜிலேபி உப்பிலும் நன்னீரிலும் எங்கே விட்டாலும் முட்டையை வாயில் அடைகாத்துப் பெருகிவிடும், அதற்குத் தாய்வீடு கணக்கே கிடையாது. இந்தியாவுக்கு அது முதன்முதலில் வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? பாம்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற நம் மண்டபம் ஊர்தான், 1952-இல். மீன்வளத்துறைக்காரன் என்ற முறையில் அதைப் பெருமையாகவும் சொல்ல முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

கலுங்கில் வலை கட்டுவது பற்றி. குத்தகை எடுத்துக் குஞ்சு விட்டவர் தடுப்பு கட்டாமல் இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். முதல் மழைத் தண்ணீர் வந்ததுமே கெண்டை வகையறா வரத்து வாய்க்காலிலும் கலுங்கிலும் முண்டும். அவை ஏறுவதும் முட்டையிடத்தான், ஆனால் நன்னீருக்குள்ளேயே சுற்றுகிற ஏற்றம், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் முதல் தப்பிப் போகாமல் இருக்கப் பெரிய கண்ணி வலையோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். கொசுவலையை மட்டும் கட்டாதீர்கள். இலையும் தழையும் வந்து அடைத்துத் தண்ணீர் மேலே நிற்கும், கலுங்கு திணறினால் கரை உடையும். அப்புறம் மீன் போன கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள், ஊரே உங்களைக் கேட்கும். பெரிய கண்ணி என்றால் இன்னொரு லாபமும் உண்டு. கீழேயிருந்து விரல் நீளத்தில் ஏறி வருகிற மடவைக் குஞ்சு உள்ளே நுழைந்துவிடும். மடவைக்குத் தீனி போட வேண்டாம், அடிச் சேற்றையும் பாசியையும் மேய்ந்தே வளரும், ரோகு கட்லாவோடு சண்டைக்கும் போகாது. அது கண்மாயில் பெருகாது, வாடைக்காலத்தில் சினையோடு கடலில்தான் கூட்டம் கூடும். ஆனால் காசில்லாமல் வந்து சேர்கிற குஞ்சை வேண்டாம் என்பானேன்? கொடுவாக் குஞ்சும் நாலு கூடவே நுழையும், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஓடை வாயில் சேலையும் கொசுவலையும் விரித்து அந்தப் பொடிகளை அள்ளிக் கோழிக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் அந்த வழக்கம் இருந்தால், குத்தகைக்காரர் என்ற முறையில் முதலில் சண்டை போட வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியில் அப்பத்தா கேள்வி. உண்மையைச் சொன்னால் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். அவர் கேட்டதை உலகம் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. விலாங்கில் சினையைக் காணோமே என்று குழம்பிய அரிஸ்டாட்டில், அது சேற்றிலிருந்து தானாகப் பிறக்கிறது என்று எழுதிவைத்தார். மனநல மருத்துவத்தில் பின்னால் பெரிய பெயர் வாங்கிய சிக்மண்ட் ஃபிராய்டு, மாணவனாக இருந்தபோது 1876-இல், இன்று இத்தாலியில் இருக்கிற ட்ரியெஸ்டே என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து ஆண் விலாங்கின் விதைப்பையைத் தேடி நானூறு விலாங்கு வரை அறுத்தார். உறுதியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்கிறோமே, சினை விஷயத்திலும் அது அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆற்றிலும் கிணற்றிலும் இருக்கிற வரைக்கும் சினை பிடிக்காது. பல வருடம் தின்று கொழுத்த பிறகு ஒரு மாற்றம் வரும். கண் பெரிதாகும், மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்த வயிறு வெள்ளி நிறமாகும், தீனியை நிறுத்தும், குடல் சுருங்கும். மழை வெள்ளம் வருகிற இருட்டு இரவில் கிளம்பிக் கடலை நோக்கிப் போகும். ஈரத் தரை என்றால் ஊர்ந்தும் போகும், தோல் வழியாகவே மூச்சு வாங்கத் தெரியும் அதற்கு. ஆழ்கடலுக்கு நெடும் பயணம் போகிற வழியில்தான் சினை முற்றும். அங்கே முட்டையிட்டு இறந்துபோகும். கொடுவா கடல் ஓரத்தோடு நின்றுவிடுகிற ஆள். விலாங்கு கடலின் நடுவுக்கே போகிற ஆள்.

ஐரோப்பிய விலாங்கின் குஞ்சைத் தேடி யோஹானஸ் ஷ்மிட் என்ற டேனிஷ் ஆராய்ச்சியாளர் வருடக்கணக்கில் அட்லாண்டிக் முழுக்கக் கப்பலில் சுற்றினார். எந்தப் பக்கம் போனால் குஞ்சு இன்னும் சின்னதாகக் கிடைக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போய், சர்காசோ கடல்தான் பிறப்பிடம் என்று 1922-இல் எழுதினார். நம் பக்கத்து விலாங்குக்கு இந்துமாக் கடல். சுமத்ராவின் மேற்கே ஆழ்கடலில் அவற்றின் இளங்குஞ்சுகள் கிடைத்திருக்கின்றன. குஞ்சு பார்க்க விலாங்கு மாதிரியே இருக்காது. தட்டையாக, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற ஒரு இலை. நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து வந்து, கரை நெருங்கியதும் உருண்டு நூலாகி, ஆற்றுவாயில் நுழைந்து மேலே ஏறும். புள்ளி போட்ட வகை மலையடிவாரம் வரைக்கும் ஏறக்கூடியது. வைகையில் 1959-லிருந்து அணை நிற்கிறது, அதற்கு மேலே போவது இனி லேசான காரியமில்லை. உங்கள் கிணறு ஓடைக்கரையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு வெள்ளத்தில் நூலாக வந்து புகுந்திருக்கும்.

அதைப் பிடித்துக் குழம்பு வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, அப்பத்தா விடமாட்டார் என்று நினைக்கிறேன். கிணற்றில் ஒரு வாளியை இறக்கி, விலாங்கு மேலே வரும்போது டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள். கண் சின்னதாக, வயிறு மங்கலாக இருந்தால் இன்னும் சில வருடம் அங்கேயே இருக்கும், அவசரம் இல்லை. கண் பெருத்து வயிறு வெள்ளியாகி, போட்ட தீனியைத் தொடாமல் இருந்தால் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி கார்த்திகையில் ஓடை கடலைத் தொட்டு ஓடுகிற ஒரு இரவு பார்த்து எடுத்துக்கொண்டுபோய் விட்டுவிடுங்கள். போகும்போது கோணிச் சாக்கை நன்றாக நனைத்துக்கொண்டு போங்கள், வெறுங்கையில் அது நிற்காது.